குடத்திற்குள் ஒரு மோட்டார்: மின்மிதிவண்டிச் சக்கரத்தின் பழுதும் சீரமைப்பும்

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவில், ஆரக்கால்கள் அனைத்தும் வந்து பொருந்தும் மரத்துண்டத்திற்குத் தமிழில் குடம் என்று பெயர். குடத்தின் துளைக்குள் இருசு எனப்படும் அச்சு நுழைகிறது. சக்கரம் கழன்று போகாதபடி அச்சின் முனையில் கடையாணி காக்கிறது. வண்டியின் எடை முழுவதும் அச்சிலிருந்து குடத்திற்கும், குடத்திலிருந்து ஆரக்கால் வழியாக வட்டைக்கும், வட்டையிலிருந்து தரைக்கும் இறங்குகிறது. மிதிவண்டி வந்தபோது இந்தக் குடம் ஹப் என்ற பெயருடன் கைக்குள் அடங்கும் எஃகுக் குழலாகச் சுருங்கியது. மின்மிதிவண்டியில் அதே உறுப்பு மறுபடியும் பருத்து, ஒரு மின்மோட்டாரை முழுவதுமாகத் தன் வயிற்றில் ஏந்தியிருக்கிறது.

1994-ஆம் ஆண்டில் உருவான திருநெல்வேலி மாநகராட்சியின் மண்டலங்களில் ஒன்றான தச்சநல்லூர், தன் பெயரின் முற்பகுதியில் தச்சனைத் தாங்கி நிற்கும் ஊர். குடம் கடைந்து ஆரக்கால் இறக்கும் தொழில் அருகிவிட்டாலும், அதன் வழித்தோன்றல்கள் எனத்தக்க இரண்டு தொழில்கள் தாமிரபரணிக் கரையூர்களில் இன்றும் உயிர்ப்புடன் உள்ளன. ஒன்று, ரிம்மின் கோட்டம் எடுத்துச் சக்கரத்தை நேராக ஓடச்செய்யும் சைக்கிள் கடைத் தொழில். மற்றொன்று, வயலுக்கும் வீட்டுக்கும் நீரிறைக்கும் மோட்டார்கள் எரிந்துபோகும்போது கருகிய கம்பியை உருவிவிட்டுப் புதிய செப்புக்கம்பி சுற்றித்தரும், பேச்சுவழக்கில் காயில் கட்டுதல் எனப்படும் தொழில். மின்மிதிவண்டியின் ஹப் இவ்விரு தொழில்களும் சந்திக்கும் இடமாகும். அது பழுதாகும்போது, சைக்கிள் கடையில் மின்வேலை என்றும் மோட்டார் பட்டறையில் சைக்கிள் வேலை என்றும் ஒதுக்கப்படுமானால், சில பத்து ரூபாய் பெறும் உறுப்பு ஒன்றுக்காகச் சக்கரம் முழுவதையும் மாற்ற நேரிடுகிறது. ஹப்பினுள் விலைமிக்கவை செப்புச் சுருள்களும் காந்தங்களும். அடிக்கடி கெடுபவையோ உணரிகள், பேரிங்குகள், நைலான் பற்சக்கரங்கள், அச்சின் வாயிலில் உராயும் ஒயர்கள். இந்த வேறுபாட்டை உணர்ந்து சோதிப்பதுதான் சீரமைப்பின் பாதி.

சக்கரத்தின் நடுவிலேயே மோட்டாரை வைக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கேன்டன் நகரைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் என்பவர், பின்சக்கரத்தின் ஹப்பில் மோட்டார் அமைந்த மிதிவண்டிக்கு 1895 டிசம்பர் 31 அன்று காப்புரிமை பெற்றார். அவருடைய மோட்டார் 10 வோல்ட் மின்கலத்திலிருந்து 100 ஆம்பியர் வரை மின்னோட்டத்தை இழுக்கும்படி அமைந்திருந்தது. அவ்வளவு பெரிய மின்னோட்டத்தைத் தரத்தக்க எடைகுறைந்த மின்கலம் அன்று இல்லாததால், கருத்து நூறாண்டுக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்று அதே அமைப்பு ஸ்கூட்டர்களிலும் காணப்படுகிறது. திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்காரின் பெயர்கொண்ட டி.வி.எஸ். குழுமம் 2020 ஜனவரியில் வெளியிட்ட ஐக்யூப் ஸ்கூட்டரின் மோட்டாரும் பின்சக்கர ஹப்பில்தான் அமர்ந்துள்ளது. மிதிவண்டிக்கு அத்தகைய ஆற்றல் தேவையில்லை. மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் உட்பட்டு, மின்கலம் நீங்கலான எடை 60 கிலோவைத் தாண்டாமல் இருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. எனவே பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் வேண்டியதில்லை.

வழக்கமான மோட்டாரில் வெளிக்கூடு அசையாமல் நிற்க, உள்ளிருக்கும் தண்டு சுழலும். ஹப் மோட்டாரில் இந்த முறை தலைகீழாகிறது. செப்புக்கம்பி சுற்றிய இரும்புத் தகடுகளின் அடுக்காகிய நிலையி, மிதிவண்டியின் கவையில் இறுக்கப்பட்ட அச்சோடு ஒன்றாக அசையாமல் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள வளையத்தின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட நிலைக்காந்தங்கள் சுழலியாகிச் சக்கரத்தைச் சுழற்றுகின்றன. மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட சுருள்களுக்கு எந்த நேரத்தில் எதற்கு மின்னோட்டம் அனுப்ப வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தி என்னும் மின்னணுப் பெட்டி முடிவு செய்கிறது. அதற்குக் காந்தங்கள் எங்கே நிற்கின்றன என்று தெரிய வேண்டும். அந்தச் செய்தியைத் தருபவை, நிலையியின் விளிம்பில் பதிக்கப்பட்ட மூன்று ஹால் உணரிகள். மின்னோட்டம் பாயும் கடத்தியைக் காந்தப்புலம் குறுக்கிட்டால், அதன் பக்கவாட்டில் சிறு மின்னழுத்தம் தோன்றும் என்று எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்தார். அவ்விளைவைப் பயன்படுத்தும் இந்த உணரி, அரிசிமணியை விடச் சற்றே பெரியதாகவும் மூன்று கால்கள் கொண்டதாகவும் இருக்கும்.

இந்த மூன்று உணரிகளின் வேலைப்பளு எத்தகையது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் 26 அங்குலச் சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 முறை சுழல்கிறது. பரவலாகப் புழங்கும் ஒரு வகை நேரடி ஹப்பில் 46 காந்தங்கள், அதாவது 23 வடதென் இணைகள் உள்ளன. ஒவ்வோர் இணை கடக்கும்போதும் ஆறு முறை மின்னோட்டத்தின் பாதை மாற வேண்டும். ஆகவே அந்த வேகத்தில் நொடிக்கு 450 முறைக்கு மேல் சரியான கணத்தில் சைகை வந்தாக வேண்டும். மூன்றில் ஓர் உணரி ஊமையானாலும் மோட்டார் திக்கித் திணறும். சக்கரம் ஒரு நிலையில் நின்றால் கிளம்பும், வேறொரு நிலையில் நின்றால் நடுங்கி நிற்கும், கையால் சிறிது தள்ளிவிட்டால் மறுபடி ஓடும். இந்த அறிகுறி தெரிந்தால் சுருள் எரிந்துவிட்டது என்று அஞ்சத் தேவையில்லை.

ஹப் மோட்டார்கள் இருவகைப்படும். மேலே கூறிய நேரடி வகையில், பேரிங்குகளைத் தவிர உராயும் பொருள் எதுவும் இல்லாததால் அது நெடுநாள் உழைக்கும். ஆனால் எடை மிகுதி. பற்சக்கர வகை ஹப்பில் மோட்டார் சக்கரத்தைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகத்தில் சுழல, நடுவிலுள்ள சிறு பற்சக்கரம் தன்னைச் சூழ்ந்த மூன்று நைலான் பற்சக்கரங்களைச் சுழற்றி, அவற்றின் வழியாகக் கூட்டின் உட்புறப் பல்வளையத்தைத் தள்ளுகிறது. கதிரவனைக் கோள்கள் சூழ்ந்திருப்பது போன்ற தோற்றத்தால் இதைக் கோள்வகைப் பற்சக்கர அமைப்பு என்பர். ஓசை குறைவதற்காகவே பற்கள் நைலானால் செய்யப்படுகின்றன. ஆயினும் கோடை வெயிலில் சுமையோடு மேம்பாலம் ஏறும்போது உள்ளே மிகும் வெப்பம் நைலானை இளக்கி, பற்களைத் தேய்த்தோ பிய்த்தோ விடுகிறது. இவ்வகை ஹப்பில், மோட்டார் ஓடாதபோது சக்கரம் தடையின்றி உருள்வதற்காக ஒருவழிக் கிளட்சும் உண்டு. மோட்டாரின் ஓசை கேட்டும் சக்கரம் நகரவில்லை என்றால், அந்தக் கிளட்சு வழுக்குகிறது அல்லது பற்கள் போய்விட்டன என்று பொருள்.

ஹப்பைத் திறக்கும் முன்பே, கருவி எதுவும் இல்லாமல் செய்யத்தக்க சோதனை ஒன்று உள்ளது. மோட்டாரைக் கட்டுப்படுத்தியிலிருந்து பிரித்து, வழக்கமாக மஞ்சள், பச்சை, நீல நிறங்களில் வரும் மூன்று தடித்த கட்ட ஒயர்களும் ஒன்றையொன்று தொடாதபடி வைத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றினால், அது எளிதாகச் சுழல வேண்டும். பிறகு இரண்டு இரண்டாக ஒயர்களின் முனைகளைச் சேர்த்துப் பிடித்துச் சுழற்றினால், சக்கரம் விட்டுவிட்டு இழுத்துப்பிடிப்பது போன்ற தடையைக் காட்ட வேண்டும். சுழலும் காந்தம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது என்பது ஃபாரடே 1831-இல் கண்ட உண்மை. அவ்வாறு தூண்டப்பட்ட மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கும் என்பது 1834-இல் லென்ஸ் வகுத்த விதி. மூன்று இணைகளிலும் தடை ஒரே அளவில் இருந்தால் சுருள்கள் நலமாக உள்ளன என்று பெரும்பாலும் நம்பலாம். ஒயர்களைச் சேர்க்காத நிலையிலேயே சக்கரம் இழுத்துப்பிடித்தால், உள்ளே எங்கோ மின்காப்பு உருகிக் கம்பியோடு கம்பி தொட்டுக்கொண்டிருக்கிறது. பற்சக்கர வகை ஹப்பில் இச்சோதனையைச் செய்யும்போது சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும் என்பது முக்கியமானது. முன்னோக்கிச் சுழற்றினால் கிளட்சு விடுபட்டு மோட்டார் அசையவே அசையாது, நல்ல மோட்டாரும் செத்ததாகத் தோன்றும். மல்டிமீட்டரை விட இந்தக் கைச்சோதனையே நம்பத்தக்கது. காரணம், ஒரு கட்டத்தின் மின்தடை ஓர் ஓமுக்கும் குறைவாக இருப்பதால், நல்ல சுருளுக்கும் குறுக்குச்சுற்று நேர்ந்த சுருளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சாதாரண மீட்டர் பிரித்துக் காட்டாது. கட்ட ஒயருக்கும் அச்சுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் மீட்டர் மிகவும் பயன்படும்; அங்கே தொடர்பு இருக்கவே கூடாது.

உணரிகளைச் சோதிக்க அவற்றின் சிவப்பு, கறுப்பு ஒயர்களுக்கு 5 வோல்ட் அளித்து, மோட்டாரை மிக மெல்லச் சுழற்றியபடி மற்ற மூன்று மெல்லிய ஒயர்களையும் ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மின்னழுத்தம் ஏறி இறங்க வேண்டும். ஏறியபடியே அல்லது இறங்கியபடியே நிற்பது கெட்டது. அதை மாற்றுவதற்குப் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதிய உணரியை எழுத்துள்ள முகம் முன்பு எப்பக்கம் இருந்ததோ அப்பக்கமாகவே பதித்து, எப்பாக்சி பசையால் ஒட்டிச் சால்டர் செய்ய வேண்டும். முகம் மாறினால் சைகையும் தலைகீழாகும்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் ஹப்பின் பெரும்பகையாக நீரையே கருத வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று, தாமிரபரணி கரைமீறித் திருநெல்வேலி சந்திப்புப் பகுதி வரை வெள்ளம் நின்றது. அத்தகைய பேரிடரில் மூழ்கிய மோட்டாருக்குள் நீர் புகுவது வியப்பன்று. ஆனால் முழங்கால் நீரைக் கடந்த வண்டியின் ஹப்பிலும் நீர் புகுவதற்கு வேறொரு காரணம் உண்டு. ஓடிச் சூடேறிய ஹப்பினுள் காற்று 70 பாகை செல்சியசில் இருக்கிறது என்று கொள்வோம். அது திடீரென 28 பாகை நீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்தக் குறைவு, ஒரு மீட்டருக்கும் மேல் உயரமுள்ள நீர்த்தூணின் அழுத்தத்திற்கு ஈடானது. ஆகவே பேரிங்கின் ரப்பர் மூடியிடுக்கு வழியாகவும், அச்சில் ஒயர் நுழையும் துளை வழியாகவும், ஹப் நீரைத் தானே உறிஞ்சிக் கொள்கிறது. உள்ளே போன நீர் வெளியேற வழியின்றி நிலையியின் இரும்புத் தகடுகளைத் துருவேற்றுகிறது.

வெள்ளத்தில் நனைந்த ஹப்பை உடனே ஓட்டிப்பார்ப்பது தவறு. மின்கலத்தைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வைத்த பிறகு (நனைந்த லித்தியம் மின்கலம் நாட்கள் கழித்தும் தீப்பற்றக்கூடும்), மூடியைத் திறந்து, வண்டலைத் துடைத்து, நன்கு உலர்த்தி, துருவைத் தேய்த்து நீக்கி, தகடுகளின் மேல் மோட்டார் பட்டறைகளில் பூசும் வார்னிஷை மெல்லியதாகப் பூச வேண்டும். பேரிங்குகளை உலர்த்திப் பயன்படுத்த முயல்வதை விட மாற்றுவதே நன்று. பல ஹப்களில் இருப்பது 6001 என்ற எண்ணுடைய, 12 மி.மீ. உள்விட்டமும் 28 மி.மீ. வெளிவிட்டமும் 8 மி.மீ. அகலமும் கொண்ட பேரிங். இதே எண் பிற சிறு இயந்திரங்களிலும் புழங்குவதால் எளிதில் கிடைக்கும். திறக்கும்போது ஓர் எச்சரிக்கை: நேரடி ஹப்பில் காந்தங்கள் நிலையியை இழுக்கும் விசை மிகப் பெரியது, புல்லர் என்னும் இழுப்புக் கருவி இல்லாமல் கையால் பிரித்துச் சேர்ப்பவரின் விரல் நசுங்கும்.

சுருள் உண்மையிலேயே கருகியிருந்தால் காயில் கட்டுபவரின் கைத்திறனுக்கு வேலை வருகிறது. நீரேற்று மோட்டாரை விட இதில் சுற்றுகள் குறைவு. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பல மெல்லிய கம்பிகள் சேர்ந்து செல்கின்றன. பழைய சுற்றுகளையும் இழைகளையும் எண்ணிக் குறித்துக்கொள்ளாமல் உருவிவிட்டால், மோட்டாரின் குணமே மாறிவிடும்: சுற்றுகள் கூடினால் வேகம் குறையும், குறைந்தால் வேகம் கூடி மின்னோட்டமும் மிகும்.

கண்ணுக்குத் தெரிந்தும் பலர் கவனிக்காத பழுது அச்சில் உள்ளது. சக்கரத்தை முன்னோக்கித் திருப்பும் மோட்டார், அதே அளவு முறுக்குவிசையால் தன் அச்சைப் பின்னோக்கித் திருப்புகிறது. அந்த எதிர்முறுக்கைத் தாங்குவதற்காக 12 மி.மீ. அச்சின் இரு பக்கமும் தட்டையாகச் சீவப்பட்டு, தட்டைகளுக்கிடையே 10 மி.மீ. மட்டும் எஞ்சுகிறது, அந்தத் தட்டைகள்தாம் கவையின் பிளவில் அமர்கின்றன. ஒவ்வொரு தட்டை முகத்தின் அகலமும் 6.6 மி.மீ. அளவே என்பதால், 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு அதன் விளிம்புகளில் எழும் விசை 6,000 நியூட்டனைத் தொடுகிறது. இது ஏறத்தாழ 600 கிலோ எடைக்குச் சமம். நட்டு சற்றே தளர்ந்திருந்தால், பிளவு விரிந்து அச்சு சுழன்றுவிடும். அச்சின் துளை வழியே வரும் ஒயர்கள் முறுக்குண்டு அறுபடும். கட்ட ஒயரின் மின்னழுத்தம் உணரி ஒயரில் பாய்ந்து கட்டுப்படுத்தியையும் அழித்துவிடும். முறுக்கைத் தாங்கும் சிறிய எஃகுப் பட்டை ஒன்றை அச்சில் கோத்துக் கவையின் தண்டோடு பிணைத்தால் இவ்வளவும் தவிர்க்கப்படும். அலுமினியக் கவையுள்ள வண்டியில் இந்தப் பட்டை இல்லாமல் ஹப் மோட்டார் பொருத்துவது உயிருக்கு ஆபத்தானது என்பதில் ஐயமில்லை.

ஆரக்கம்பிகளின் செய்தி தனியானது. மாட்டுவண்டியின் ஆரக்கால் அமுக்கவிசையைத் தாங்குகிறது. குடம் கீழேயுள்ள ஆரக்காலின் மேல் நிற்கிறது. மிதிவண்டியின் மெல்லிய கம்பியோ அமுக்கினால் வளைந்துவிடும் என்பதால், எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்படுகின்றன. சுமை வரும்போது கீழேயுள்ள கம்பிகளின் இழுவிசை குறைகிறது, அவ்வளவே. ஹப்பிலிருந்து நேர்கோட்டில் செல்லும் கம்பியால் திருப்புவிசையைக் கடத்த முடியாது. ஆகவே 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி காப்புரிமை பெற்ற முறைப்படி, கம்பிகள் ஹப்பின் வட்டத்தைத் தொட்டுச் சாய்ந்து ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. ஹப் மோட்டாரின் விட்டம் பெரிது என்பதால் கம்பிகள் குட்டையாகி, ரிம்மை நோக்கிய சாய்வும் கூர்மையாகிறது. பல குறுக்கீடுகள் வைத்துப் பின்னினால் நிப்பிளின் அருகே கம்பி மடிந்து முறியும். எனவே ஒரே குறுக்கீடு போதும். முறிகிறதே என்று மேலும் தடித்த கம்பி போடுவது இயல்பாகத் தோன்றினாலும், அது பெரும்பாலும் பயன் தராது. தடித்த கம்பி குறைவாகவே நீளும் என்பதால், சிறு அதிர்விலும் தன் இழுவிசையை இழந்து, தளர்ந்து இறுகித் தளர்ந்து இறுகி, வளைவில் களைத்து முறிகிறது. 2.6 மி.மீ. கம்பிக்குப் பதில் 2.3 அல்லது 2 மி.மீ. கம்பியைச் சரியான இறுக்கத்தில் கட்டுவதே நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் ஹப்பை மாற்றித்தான் ஆகவேண்டிய நிலை உண்டு: கூடு விரிசல் விட்டாலும், அச்சின் தட்டை மழுங்கினாலும், காந்தங்கள் மிகு வெப்பத்தால் வலுவிழந்தாலும் சீரமைப்பு வீண். மாற்றும்போது மின்னழுத்தம், பின்கவையின் அகலம், கம்பித் துளைகளின் எண்ணிக்கை, பிரீவீல் ஏறும் மரை, டிஸ்க் பிரேக்கின் ஆறு துளைகள் ஆகியவை ஒத்துப்போக வேண்டும். சென்னை அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் முதலான ஆலைகளில் உருவான பழைய கறுப்பு மிதிவண்டிகளின் மரபில் முன்சக்கரத்திற்கு 32 கம்பிகளும் பின்சக்கரத்திற்கு 40 கம்பிகளும் இருந்தன. ஹப் மோட்டார்களிலோ பெரும்பாலும் 36 துளைகளே உள்ளன. ஆகவே வீட்டிலுள்ள பழைய சைக்கிளுக்கு மோட்டார் பொருத்த விரும்புபவர் ரிம்மையும் மாற்றியாக வேண்டும். பின் ஹப்பின் வழக்கமான அகலம் 135 மி.மீ.; பழைய வண்டியின் எஃகுக் கவையைச் சிறிது விரிக்கலாம், அலுமினியக் கவையை விரிக்கவே கூடாது.

காந்தங்கள் நலமாக உள்ள ஹப்பைக் குப்பையில் எறியக்கூடாது என்பதற்குப் பணத்தைத் தாண்டிய காரணம் உண்டு. அவை நியோடிமியம், இரும்பு, போரான் ஆகியவற்றின் கலவையாலானவை. இத்தகைய காந்தம் உலகுக்கு அறிமுகமானது 1980-களின் முற்பகுதியில்தான். நியோடிமியம் தரும் மோனசைட் மணல், திருநெல்வேலிக்குத் தெற்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருப்பதை ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க் 1909-இல் கண்டறிந்தார். நடுவண் அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கு இன்றும் மணலைப் பிரிக்கிறது. ஆனால் மணலிலிருந்து காந்தம் வரையிலான தொழில் பெரும்பகுதி சீனாவின் கையில் உள்ளது. 2025 ஏப்ரலில் அந்நாடு ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது இந்திய மின்வாகன ஆலைகள் காந்தமின்றித் திண்டாடின. ஒவ்வொரு ஹப்பினுள்ளும் இருக்கும் அந்த வளையம், எளிதில் மீண்டும் கிடைக்காத செல்வம்.

புதிய ஹப்போ சீரமைத்த ஹப்போ, அதைப் பழைய கட்டுப்படுத்தியுடன் இணைக்கும்போது நிறத்துக்கு நிறம் சேர்த்தால் போதும் என்று எண்ணக் கூடாது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் நிற ஒழுங்கு மாறுகிறது. மூன்று கட்ட ஒயர்களையும் மூன்று உணரி ஒயர்களையும் 36 விதமாக இணைக்கலாம். அவற்றுள் மூன்று மட்டுமே சக்கரத்தை முன்னோக்கிச் சீராக ஓட்டும், மூன்று பின்னோக்கி ஓட்டும், மற்றவை முனகலையும் சூட்டையும் தரும். உணரி ஒயர்களை அப்படியே விட்டுக் கட்ட ஒயர்களின் ஆறு வரிசைகளையும், சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, மிகக் குறைந்த வேகத்தில் ஒவ்வொன்றாகச் சோதிப்பது பாதுகாப்பானது. அவற்றில் ஒன்று பொருந்தும். அது சக்கரத்தைப் பின்னோக்கி ஓட்டினால், இரண்டு உணரி ஒயர்களை இடம்மாற்றி மீண்டும் ஆறையும் பார்க்க வேண்டும். ஒயர் வெளிவரும் பக்கம் அச்சுக்குக் கீழே வளைந்து தொங்குமாறு விட்டால், மழைநீர் ஒயரைத் தொடர்ந்து உள்ளே போகாமல் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். புதிதாகப் பின்னிய கம்பிகள் முதல் சில நாட்களில் தம் இடத்தில் அமர்ந்து தளரும் என்பதால், ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் வண்டியைச் சைக்கிள் கடைக்கு மறுபடி கொண்டுசென்று கோட்டம் பார்த்து, நிப்பிள்களையும் அச்சின் நட்டுகளையும் இன்னொரு முறை இறுக்க வேண்டும்.